வாசலைப் பார்த்து வகுத்த விலங்குகள்

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஒன்றைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். சில சிப்பிகளில் வெள்ளையாக ஒரு திட்டு ஒட்டியிருக்கும். கொசுவலைத் துண்டைச் சுண்ணாம்பில் தோய்த்து ஒட்டியது போல இருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். கடல் அழுக்கு என்றோ காய்ந்த பாசி என்றோ நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கையில் இருந்தால் அப்படிப் போட மனம் வராது. அந்த வலையின் ஒவ்வொரு கண்ணும் ஓர் அறை. நீளம் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாசல். செங்கல் வரிசை போல நூற்றுக்கணக்கான அறைகள். எல்லாம் காலி, குடியிருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

இவைதான் பிரையோசோவா. தமிழில் பாசி விலங்குகள் என்பார்கள். உயிரோடு இருப்பவை 6,000 இனங்களுக்கு மேல். புதைபடிவமாக மட்டும் தெரிந்தவை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது, இந்தத் தொகுதியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காலி வீடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆள் இல்லாத வீட்டை வைத்துக் குடியிருந்தவரின் வம்சாவளியை எழுத முடியுமா? பாசி விலங்குகளின் வகைப்பாட்டு வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஆள் இருக்கும் வீட்டைப் பார்த்துவிடுவோம். உயிரோடு இருக்கும் காலனியைக் கடல்நீரில் வைத்து நுண்ணோக்கியின் கீழ் கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அசைவு அடங்கியதும் ஒரு வாசலின் மூடி மெல்லத் திறக்கும். உள்ளிருந்து ஒரு கற்றை மேலே வந்து புனல் போல விரியும். பத்திருபது உணர்கொம்புகள், அவற்றின் பக்கவாட்டில் துடிக்கும் நுண்ணிழைகள். அந்தத் துடிப்பில் நீர் மேலிருந்து புனலுக்குள் இறங்கும். மிதக்கும் நுண்பாசிகள் நடுவில் இருக்கும் வாய்க்குள் போகும். மேசையை லேசாகத் தட்டினால் போதும், அத்தனை புனல்களும் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். குடல் 'யு' வடிவில் வளைந்து மேலேயே திரும்பி வருகிறது. கழிவு வெளியேறும் துளை உணர்கொம்பு வளையத்துக்கு வெளியே இருக்கிறது. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் துளை வளையத்துக்கு உள்ளே இருக்கும் வேறொரு கூட்டமும் வெகுகாலம் இதே பெயரில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது. 1869-இல் ஹின்ரிக் நிட்ஷே என்ற ஜெர்மானியர், துளை உள்ளே இருப்பவற்றை எண்டோப்ராக்டா என்றும் வெளியே இருப்பவற்றை எக்டோப்ராக்டா என்றும் பிரித்தார். இன்று அவை இரண்டும் தனித்தனித் தொகுதிகள்.

காலனி தொடங்குவது ஒரே ஒரு லார்வாவில். அது நீந்தி வந்து ஓரிடத்தில் ஒட்டி முதல் அறையாக மாறும். அதிலிருந்து மொட்டு விட்டு அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. எனவே காலனியில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் மரபணு ஒன்றுதான். ஆனால் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. சிலர் சாப்பிடவே மாட்டார்கள். அவர்களுடைய வாசல் மூடி மட்டும் பெரிதாகி, பறவை அலகு போல 'டக்'கென்று கவ்வும் கருவியாகிவிடுகிறது. அதன் பெயரே அவிகுலேரியம், குட்டிப் பறவை என்ற பொருளில். ஊர்ந்து வரும் சிறு பூச்சிகளைக் கவ்விப் பிடிப்பது இவர்கள் வேலை. டார்வினுக்கு இவை மீது தனி ஈடுபாடு உண்டு. இயற்கைத் தேர்வால் இப்படியொரு கருவி படிப்படியாக வந்திருக்க முடியாது என்று செயின்ட் ஜார்ஜ் மிவர்ட் என்ற விலங்கியலாளர் வாதிட்டபோது, டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 6-ஆம் பதிப்பில் இந்த அலகுகளை எடுத்து வைத்துப் பதில் சொன்னார். அவருடைய முதல் அறிவியல் கண்டுபிடிப்பே இந்த விலங்கில்தான் வந்தது: எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 18 வயதில், ஃப்ளஸ்ட்ரா என்ற பாசி விலங்கின் 'முட்டைகள்' உண்மையில் நீந்தும் லார்வாக்கள் என்று 1827 மார்ச்சில் ஒரு மாணவர் சங்கத்தில் வாசித்தார்.

பெயர் விஷயத்தில் இந்த விலங்குகளுக்கு ஏற்பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இவற்றை விலங்கும் செடியும் கலந்த ஏதோ ஒன்றாக நினைத்தார்கள். 1830-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ஜான் வாகன் தாம்சன் 'பாலிசோவா' என்றார். அடுத்த ஆண்டே பெர்லினில் எரன்பெர்க் 'பிரையோசோவா' என்றார். ஆங்கிலேயர் நூறு ஆண்டுக்கு மேல் முதல் பெயரைவிட்டு இறங்கவில்லை. நம் ஊர்க் குளம் ஏரிகளில் இருக்கும் இனங்களை நெல்சன் அன்னண்டேல் 1911-இல் தொகுத்தபோதும் பாலிசோவா என்றுதான் எழுதினார்.

ஒழுங்கான வகைப்பாடு 1852-இல் தொடங்குகிறது. ஜார்ஜ் பஸ்க் கிரீனிச்சில் நங்கூரமிட்டிருந்த மருத்துவமனைக் கப்பலில் அறுவை மருத்துவராக இருந்தவர். அவர் செய்தது எளிமையான காரியம்: வாசலைப் பார்த்தார். மூடி போட்ட வாசல் என்றால் சீலோஸ்டோம், அதாவது உதட்டு வாய். மூடியில்லாத வெறும் வட்டம் என்றால் சைக்ளோஸ்டோம். சீப்புப் பல் போன்ற சவ்வு மடிப்பு வாசலை அடைத்தால் டீனோஸ்டோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஆல்மன் நன்னீரில் வாழ்பவற்றைத் தனியாக எடுத்து ஃபைலாக்டோலீமேட்டா என்ற வகுப்பில் வைத்தார். வாய்க்கு மேல் ஒரு சிறு மடல் காவலிருப்பதால் 'காவலுள்ள தொண்டை' என்று பொருள். பிறகு 1926-இல் சுவீடனின் போர்க் சைக்ளோஸ்டோம்களைப் பிரித்து ஸ்டெனோலீமேட்டா, 'ஒடுங்கிய தொண்டை', என்ற வகுப்பை உண்டாக்கினார். மீதமிருந்த இரண்டும் ஜிம்னோலீமேட்டா. இந்த மூன்று வகுப்புகளும் இன்றுவரை நிற்கின்றன. டி.என்.ஏ. வந்து பலவற்றைக் கலைத்துப்போட்ட பிறகும் இவை நிற்பதைப் பார்த்தால், வாசலைப் பார்த்தவர்களின் கண்ணை மெச்சத்தான் வேண்டும்.

நன்னீர் வகுப்பைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இனங்கள் நூறைத் தொடாது. உடலில் சுண்ணாம்பு இல்லை என்பதால் புதைபடிவமும் அபூர்வம். வெயிலில் குளம் வற்றினாலும் தாங்குகிற, கடுகைவிடச் சிறிய உறை விதைகளை உண்டாக்கி வைத்துவிட்டுக் காலனி செத்துப்போகும். அந்த விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். டி.என்.ஏ. கணக்குப்படி மற்ற எல்லாப் பாசி விலங்குகளுக்கும் முன்னதாகவே பிரிந்துபோன கிளை இது.

புதைபடிவங்களின் பெரிய கதை ஸ்டெனோலீமேட்டாவில் இருக்கிறது. சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்தில், சீனாவின் யீசாங் பகுதிப் பாறைகளில் இவை தென்படத் தொடங்குகின்றன. கொஞ்ச காலத்திலேயே கடல் தரையை நிரப்பிவிடுகின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சுற்றியுள்ள சாலையோர வெட்டுகளில் கல்லோடு கல்லாகக் கிளை கிளையாக உதிர்ந்து கிடப்பவை பெரும்பாலும் டிரெபோஸ்டோம் என்ற வரிசையின் துண்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, சுண்டுவிரல் தடிமனில் புள்ளி புள்ளியாக இருக்கும். பவளம் என்றே 19-ஆம் நூற்றாண்டில் பலர் வகைப்படுத்தினார்கள்.

இங்கே வாசல் மட்டும் போதவில்லை. வீட்டையே அறுக்க வேண்டியிருந்தது. ஆலன் நிக்கல்சன் போன்றவர்கள் 1870-களிலிருந்து செய்த முறை இன்றும் மாறவில்லை: துண்டை வைர ரம்பத்தில் மூன்று திசையில் அறுப்பது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மேற்பரப்பை ஒட்டி ஒன்று. ஒவ்வொன்றையும் கண்ணாடியில் ஒட்டி, உராய்வுப் பொடியில் தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் ஊடுருவும்வரை மெலிதாக்குவது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் எல்லாம் போயிற்று. அப்படிப் பார்த்தால்தான் குழாயின் நடுப்பகுதியில் சுவர் மெல்லியது, வெளிப்பகுதியில் தடித்தது, குழாய்க்குள் தட்டுத் தட்டாகக் குறுக்குச் சுவர்கள் என்பதெல்லாம் தெரியும். குடியிருந்தவர் வளர வளர மேல்மாடிக்குப் போய், பழைய தளத்தை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். இனத்துக்கு இனம் வேறுபடுவது இந்த உள்கட்டுமானம்தான்.

அதே காலத்தின் இன்னொரு கூட்டம் ஃபெனெஸ்ட்ரேட்டுகள், ஜன்னல் வலை போல வளர்ந்தவை. இவற்றில் ஒன்றுக்கு ஆர்க்கிமிடிஸ் என்றே பெயர். நடுவில் திருகாணி போன்ற தண்டு, அதைச் சுற்றிப் படிக்கட்டாக ஏறும் வலை. வலை மெல்லியதால் உடைந்துவிடும். தண்டு மட்டும் கிடைக்கும். அமெரிக்க நடுமேற்கின் சுமார் 33 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப் பாறைகளில் யாரோ மரத்திருகுகளைக் கொட்டிவிட்டுப் போனது போல இவை கிடக்கின்றன. டேவிட் டேல் ஓவன் 1838-இல் பெயர் வைத்தபோது தண்ணீர் இறைக்கும் ஆர்க்கிமிடிஸ் திருகுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் முடிவில் நேர்ந்த பேரழிவில் இந்த வரிசைகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. தப்பிய டிரெபோஸ்டோம்களும் டிரையாசிக் முடிவுக்குள் போய்விட்டன. ஸ்டெனோலீமேட்டாவில் மிஞ்சியது சைக்ளோஸ்டோம் ஒன்றுதான். ஜுராசிக் காலம் முழுக்கக் கடலில் அதற்குப் பெரிய போட்டி இல்லை.

அப்புறம் சீலோஸ்டோம் வருகிறது. சுண்ணாம்பு இல்லாத டீனோஸ்டோம் கிளையிலிருந்து பிற்கால ஜுராசிக்கில் தோன்றியது. ஆக, பாசி விலங்குகள் சுண்ணாம்பு வீடு கட்டக் கற்றுக்கொண்டது ஒருமுறை மட்டும் நடந்ததில்லை. ஸ்டெனோலீமேட்டா ஒருமுறை, சீலோஸ்டோம் தனியாக இன்னொருமுறை. ஆனால் சீலோஸ்டோம் வந்த உடனே எதுவும் நடக்கவில்லை. பல கோடி ஆண்டுகள் ஒரு ஓரமாக, விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களோடு இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரெனப் பெருகி, இன்று உயிரோடு உள்ள பாசி விலங்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதுவே. காரணமாகப் பால் டெய்லர் 1988-இல் சுட்டியது குஞ்சு காக்கும் பழக்கத்தை. ஆரம்ப கால லார்வாக்கள் வாரக்கணக்கில் மிதந்து தாமே இரை தேடின. தூர தூரம் பரவின. சீலோஸ்டோம் பெருகத் தொடங்கிய அதே சமயத்தில் அறை வாசலுக்கு மேல் சிறு குமிழ் போன்ற கரு அறைகள் புதைபடிவங்களில் தோன்றத் தொடங்குகின்றன. அவற்றில் வளரும் லார்வா அம்மா கொடுத்த சேமிப்போடு வெளியே வந்து, சில மணி நேரத்தில் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தூரம் போகாத கூட்டங்கள் எளிதில் தனித்தனியாகப் பிரியும். புது இனங்கள் கூடும். இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது, முக்கியமாகக் கரு அறை கல்லிலேயே பதிந்து கிடக்கும் சாட்சி என்பதால்.

இன்னொரு விளக்கம் இதைவிடப் பிரபலம்: சீலோஸ்டோம் சண்டையில் ஜெயித்தது. சிப்பி மேல் இடம் குறைவு. இரண்டு காலனிகள் வளர்ந்து மோதினால் ஒன்றின் விளிம்பு மற்றதன் வாசல்கள் மேல் ஏறிப் படர்ந்து மூடிவிடும். யார் மேலே, யார் கீழே என்பது கல்லில் அப்படியே உறைந்துவிடுகிறது. ஃபிராங்க் மெக்கின்னி இப்படிப் பல வரலாற்றுச் சண்டைகளின் தீர்ப்பைக் கல்லில் வாசிக்கலாம் என்று காட்டினார். மூன்றில் இரண்டு சண்டையில் சீலோஸ்டோமுக்கு வெற்றி. விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 2021-இல் பழைய தரவுகளைப் புள்ளியியல் முறையில் மறுபடி ஆராய்ந்தவர்கள், உள்ளூர்ச் சண்டையில் தோற்றதால் சைக்ளோஸ்டோம் உலகளவில் பின்தங்கியது என்று சொல்ல ஆதாரமில்லை என்றார்கள். தெருச்சண்டையில் தோற்றவன் வம்சம் அற்றுப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே. சைக்ளோஸ்டோம் இன்றும் சில நூறு இனங்களோடு இருக்கிறது. டென்மார்க்கின் ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட் செங்குத்துக் கரையில், டைனோசர்கள் அழிந்த காலத்தைக் குறிக்கும் மெல்லிய களிமண் அடுக்குக்கு மேலே முழுக்கப் பாசி விலங்குச் சுண்ணாம்பு. அழிவுக்குப் பிந்தைய அந்தக் கடல்களில் சைக்ளோஸ்டோம், சுண்ணாம்புக் கூடுகளின் மொத்த எடையில் சிறிது காலம் மறுபடி தலைதூக்கியது.

அந்த அழிவுக்கு முந்தைய கடலின் தரை நம்மிடமும் இருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் கிரெட்டேசியஸ் காலக் கடல்தரை. அங்கு கிடைத்த பாசி விலங்குகளை முதலில் முறையாக எழுதியவர் மொராவியாவில் பிறந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. 1872-இல் வந்த அவருடைய பகுதியின் தலைப்பில் பாலிசோவாவும் இல்லை, பிரையோசோவாவும் இல்லை. 'சிலியோபோடா' என்று மூன்றாவதாக ஒரு பெயர்! பாசி விலங்குகள் அவருக்குப் பழக்கமானவை. நியூசிலாந்தின் ஆக்லாந்து அருகே கிடைத்தவற்றை அதற்கு முன்பே 1865-இல் எழுதியிருந்தார். 1874-இல் லடாக் மலைப்பாதையில் 36 வயதில் இறந்துபோனார். அரியலூர்ப் பாறைகளின் பாசி விலங்குகளை மறுபடி முழுமையாகத் தொகுத்து எழுத 1996 ஆயிற்று.

சரி, வீட்டை நம்பலாமா? இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஆலன் சீத்தமும் ஜெரமி ஜாக்சனும். சீத்தம் டொமினிக்கன் குடியரசில் கிடைத்த மெட்ரராப்டோடோஸ் என்ற பேரினத்தை எடுத்து, அறையின் நாற்பதுக்கும் மேற்பட்ட அளவுகளைக் கணக்கிட்டார். இனங்கள் மெல்ல மெல்ல மாறியிருப்பது தெரியவரும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார். 1986-இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. ஓர் இனம் தோன்றும்போதே முழு உருவத்தோடு தோன்றுகிறது. பிறகு பல லட்சம் ஆண்டுகள் அப்படியே நிற்கிறது. பரிணாமம் நின்று நின்று தாவுகிறது என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று குறைவு. ஆனால் உடனே ஒரு கேள்வி வரும்: நீங்கள் 'இனம்' என்று சொல்வது வீட்டின் வடிவம்தானே, ஆளின் இனம் அதுதான் என்று எப்படித் தெரியும்? அதற்காகப் பனாமாவில் உயிருள்ள சீலோஸ்டோம்களைப் பிடித்து, லார்வாக்களை ஒரே சூழலில் வளர்த்தார்கள். குட்டிக் காலனியின் அறையை மட்டும் அளந்து இது எந்த இனத்தின் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார்கள். மரபியல் சோதனையோடும் ஒப்பிட்டார்கள். 1990-இல் வெளியான முடிவு: வீடு பொய் சொல்லவில்லை.

ஆனால் இது இன அளவில்தான். மேலே குடும்பம், வரிசை என்று போகப் போக வீடு ஏமாற்றத் தொடங்குகிறது. இதற்கு நல்ல உதாரணம் கூரை. ஆரம்ப கால சீலோஸ்டோம் அறைக்குக் கூரை வெறும் சவ்வு. உள்தசைகள் அந்தச் சவ்வைக் கீழே இழுக்கும். அறைக்குள் அழுத்தம் கூடும். உணர்கொம்புக் கற்றை வாசல் வழியாக வெளியே தள்ளப்படும். பற்பசைக் குழாயை அமுக்குவது போலத்தான். அதே சவ்வைக் கிழித்து எதிரிகள் உள்ளே இருப்பவரைத் தின்றுவிடவும் முடியும். கல்லில் கூரை போட்டால் பாதுகாப்பு. ஆனால் கல் கூரை அமுங்காது, உணர்கொம்பு வெளியே வராது. இதற்குக் கண்டுபிடித்த வழிகள் பல. சிலர் கூரை ஓரத்து முட்களை உள்பக்கம் வளைத்து, விலாவெலும்பு போல நடுவில் ஒட்டவைத்தார்கள். சிலர் சவ்வுக்கு அடியில் சுண்ணாம்புத் தட்டு வளர்த்தார்கள். சிலர் முழுக் கல் கூரை போட்டு, அதன் அடியில் ஆஸ்கஸ் என்ற பை ஒன்றை வைத்தார்கள். அந்தப் பை விரிந்து வெளிநீரை உள்ளே வாங்கும்போது அழுத்தம் கூடி உணர்கொம்பு வெளியேறும்.

ஆஸ்கஸ் உள்ள எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக்கி அஸ்கோஃபோரா என்று வைத்திருந்தார்கள். பார்க்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆனால் டி.என்.ஏ. வழி மரபு வரைபடங்கள் வந்தபோது, கல் கூரை பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. எதிரி ஒன்றுதான், பிரச்சினை ஒன்றுதான், அதனால் தீர்வும் ஒன்று போலிருந்தது. குடும்பங்களையும் பேரினங்களையும் இன்னும் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்ளோஸ்டோம்களின் உட்பிரிவுகளும் இதே கதிதான்.

வீடே கட்டாதவர்கள் கதை வேறு. டீனோஸ்டோம்களுக்குச் சுண்ணாம்பு இல்லை. ஆனாலும் இவர்களைப் பிடிக்க ஒரு வழி கிடைத்தது. சில பழங்காலச் சிப்பிகளைப் புரட்டிப் பார்த்தால், ஒட்டியிருந்த பக்கத்தில் இவற்றின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். சிப்பி வளரும்போது வழியில் இருந்த மென்மையான காலனி மேலேயே சுண்ணாம்பைப் பூசி வளர்ந்துவிட்டது. உள்ளே இருந்தது அழுகிப் போனாலும், சிமெண்ட் தரையில் பதிந்த இலையின் நரம்பு போல அறையின் வரிவடிவம் நின்றுவிட்டது. இன்னும் சில டீனோஸ்டோம்கள் சிப்பியைத் துளைத்து உள்ளே வாழ்ந்தவை. அவற்றுக்குத் துளைதான் புதைபடிவம். ஆர்டோவிசியன் சிப்பிகளிலேயே அப்படிப்பட்ட துளைகள் உண்டு.

ஒரு புதிர் மட்டும் நீண்டகாலமாக உறுத்திக்கொண்டிருந்தது. கடினமான உறுப்புகள் கொண்ட மற்ற விலங்குத் தொகுதிகள் எல்லாம் ஆர்டோவிசியனுக்கு முந்தைய கேம்ப்ரியன் காலத்திலேயே வந்துவிட்டன. பாசி விலங்கு மட்டும் ஏன் ஆர்டோவிசியன் வரை காத்திருந்தது? மெக்சிகோவில் கிடைத்த பைவாக்கியா என்ற கேம்ப்ரியன் படிவத்தை 2010-இல் பாசி விலங்கு என்றார்கள். 2013-இல் டெய்லரும் கூட்டாளிகளும், அது எண்கதிர்ப் பவளங்களுக்கு நெருக்கமானதாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். பிறகு 2021-இல், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் சீனாவின் ஷான்சி மாகாணத்திலும் கிடைத்த புரோட்டோமெலிசியன் என்ற படிவத்தோடு பெரிய அறிவிப்பு வந்தது. தேனடை போல அடுக்கிய சின்னஞ்சிறு அறைகள், சுண்ணாம்பு இல்லாத உடல். எல்லோரும் தேடிக்கொண்டிருந்த மூதாதை கேம்ப்ரியன் பாறையில் கிடைத்துவிட்டது என்றார்கள். பழைய புதிரும் தீர்ந்தது போலிருந்தது.

இரண்டே ஆண்டுதான். 2023-இல் சீனாவின் யுன்னான் பகுதியில் அதே படிவம் மென்பாகங்களோடு கிடைத்தது. அறை என்று நினைத்தவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தவற்றில் உணர்கொம்புகள் எதுவும் இல்லை. வெறும் இலை போன்ற மடல்கள்தான் இருந்தன. டாசிகிளாட் என்ற பச்சைப் பாசி வகைக்குத்தான் அது பொருந்துகிறது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாசி விலங்கின் மூதாதை என்று கொண்டாடியது வெறும் பாசி! எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகமில்லாமல் பாசி விலங்கு என்று கைகாட்டக்கூடிய மிகப் பழைய வீடுகள் இப்போதைக்கு மறுபடியும் யீசாங் பாறைகளில் இருப்பவைதான்.